முன்சில்லோ, பின்சில்லோ?
மோட்டார் ராலிப் பந்தயம் கற்பிக்கும் ஒரு பாடம்

மோட்டார் வண்டியின் சில்லுகளைப் பற்றித் தமிழாசிரியர் கட்டுரை வரைதல் பொருந்துமோ என வினவுவாரும் உளர். பொருள் எதுவாயினும் அதனைத் தமிழில் எண்ணவும் தமிழில் எடுத்துரைக்கவும் இயலும் என்று மாணவர்க்குக் காட்டுதல் எம் கடன் என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை. அன்றியும், பௌதிக வகுப்பிலே உராய்வு, ஆர்முடுகல், நிறை என்னுஞ் சொற்களைப் பரீட்சைக்கென நெட்டுருப் பண்ணும் மாணவன், மாலையிலே வீதியோரத்தில் நின்று வண்டிகளைக் கண்டு களிக்கும்போது அச்சொற்களை மறந்துவிடுகின்றான். வகுப்பறையும் வீதியும் அவனுக்கு இருவேறு உலகங்களாகிவிட்டன. அவ்விரண்டையும் இணைக்கவல்ல ஒரு பொருளை நாடியபோது, மோட்டார் ராலிப் பந்தயத்தில் நிகழ்ந்த ஒரு நெடும் வழக்கு எமக்குத் துணையாயிற்று. முன்சில்லுகளால் இயங்கும் வண்டி சிறந்ததா, பின்சில்லுகளால் இயங்கும் வண்டி சிறந்ததா என்பதே அவ்வழக்கு.

மாணவர்க்கு ‘எது சிறந்தது?’ என்னும் வினா மிகவும் விருப்பமானது. விவாத மேடையிலும் அவ்வினாவே அரசு செலுத்துகின்றது. வினாவைக் கேட்ட மாத்திரத்தே ஒரு பக்கத்தைச் சார்ந்து நிற்றலும், சார்ந்த பக்கத்தைக் குரல் உயர்த்திக் காத்தலும் எளிது. எவ்விடத்தில், எக்காலத்தில், எவ்வளவு வலியோடு என மூன்று துணை வினாக்களை முதலிற் கேட்டுக்கொள்ளுதலே அரிது. திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தமையை மாணவர் அறிவர். அரசர்க்கு உரைக்கப்பட்ட அம்முறை வண்டிச் சில்லுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

ராலி என்பது யாது?

வட்டப் பாதையில் வண்டிகள் ஒருங்கே புறப்பட்டு ஒன்றையொன்று முந்தும் பந்தயம் வேறு, ராலி வேறு. ராலியிலே வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறித்த நேர இடைவெளியிற் புறப்படும். மலைப்பாதை, காட்டுப்பாதை, சரளைக்கற் பாதை, தார் வீதி, பனி மூடிய வீதி எனப் பலவற்றையும் அவை கடத்தல் வேண்டும். பொதுமக்கள் போக்குவரவுக்கு மூடப்பட்ட சில பகுதிகளில் ஒவ்வொரு வண்டியும் எடுத்த நேரம் கணிக்கப்படும். ஏனைய பகுதிகளிலே வீதிச் சட்டத்துக்கு அமைந்து செல்லல் வேண்டும். சாரதிக்கு அருகே வழிகாட்டி ஒருவர் அமர்ந்து, வரவிருக்கும் வளைவுகளை முற்கூட்டியே வாசித்துக் கூறுவர். ஆகவே ராலி வண்டிக்குப் பகைவன் அடுத்த வண்டியன்று. மாறிக்கொண்டேயிருக்கும் பாதையே அதன் பகைவன்.

இவ்வகைப் பந்தயங்களுள் மிகப் பழையதும் புகழ் வாய்ந்ததும் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய மொன்டே கார்லோ ராலியாகும். மத்தியதரைக் கடலோரத்து மொனாக்கோ நாட்டிற்கு ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் வண்டிகள் வந்து கூடுதல் அதன் பழைய மரபு. தை மாதக் குளிரிலே ஆல்ப்சு மலைச்சாரல்களில் அது நடைபெறுவதால், ஒரே வீதியில் ஒரு வளைவு உலர்ந்த தாராகவும் அடுத்த வளைவு உறைந்த பனியாகவும் இருத்தல் உண்டு. எமது வழக்கை விசாரித்தற்கு இதனினும் ஏற்ற நீதிமன்றம் கிடையாது.

இருவகை வண்டிகள்

எமது நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 வண்டியையும் மூத்த பழைய மாணவர் மறந்திரார். அவ்வண்டிகளில் எஞ்சின் முன்னே இருக்கும்; அதன் வலு நீண்டதொரு தண்டின் வழியாகப் பின்னச்சுக்குச் சென்று பின்சில்லுகளைச் சுழற்றும். முன்சில்லுகளின் வேலை வண்டியைத் திருப்புதலே. இது பின்சில்லு இயக்கம். முன்சில்லு இயக்கத்தில் எஞ்சின், கியர்ப்பெட்டி, இயங்கு சில்லுகள் யாவும் வண்டியின் முன்புறத்திலேயே அமையும். வண்டியைத் திருப்புவதும் இழுப்பதும் ஆகிய இரு தொழில்களும் முன்சில்லுகளுக்கே உரியனவாகும்.

மொறிஸ் மைனரை ஆக்கிய சேர் அலெக் இசிகோனிஸ் என்பாரே 1959இல் மினி என்னும் சிறு வண்டியையும் ஆக்கினார். பத்தடி நீளமே உடைய அவ்வண்டியில் நால்வர் அமர இடம் வேண்டும் என்பதற்காக அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியிலே பொருத்தினார். முன்சில்லுகளை இயங்கு சில்லுகளாக்கினார். ஒரே அறிஞர் ஒருகால் பின்சில்லையும் மற்றொருகால் முன்சில்லையும் தெரிந்தெடுத்தமை கருதற்பாலது. அவர் சிந்தித்தது இடவசதியைப் பற்றியேயாம். ஆயினும் அத்தெரிவு ராலிப் பாதையிலே எதிர்பாராத பயனைத் தந்தது.

மாட்டு வண்டி முன்னே இழுக்கப்படுவது, தள்ளுவண்டி பின்னே தள்ளப்படுவது. இழுக்கப்படுவது எளிதாகச் செல்லும், ஆதலின் முன்சில்லு இயக்கமே மேலானது எனச் சிலர் உவமை காட்டுவர். உவமை அழகியது, ஆயினும் காரணம் அதுவன்று. சில்லு வீதியை எவ்வளவு இறுகப் பற்றும் என்பது இரண்டு விடயங்களில் தங்கியுள்ளது. ஒன்று ரயருக்கும் வீதிக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம். மற்றொன்று அச்சில்லின்மேல் அழுத்தும் நிறை. இழுத்தல், தள்ளுதல் என்னும் வேறுபாட்டினும், இயங்கு சில்லின்மேல் எவ்வளவு நிறை உளது என்பதே முதன்மையானது. பனி நாடுகளிலே பின்சில்லு இயக்க வண்டியின் பின்பெட்டியில் மணல் மூடைகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் இதனாலேயே எழுந்தது.

கணக்கு ஒன்று

மாணவர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்வாராக. 800 கிலோகிராம் நிறையுடைய மூன்று வண்டிகளைக் கற்பனை செய்வோம். மூன்றுக்கும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றர், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 0.5 மீற்றர் உயரம். முதலாவது, முன்சில்லு இயக்க வண்டி. அதன் நிறையில் நூற்றுக்கு 62 பங்கு, அதாவது 496 கிலோகிராம், முன்னச்சின்மேல் உளது. இரண்டாவது, எஞ்சின் முன்னும் இயக்கம் பின்னும் உடையது. அதன் பின்னச்சின்மேல் நூற்றுக்கு 47 பங்கு, அதாவது 376 கிலோகிராம் உளது. மூன்றாவது, எஞ்சினும் இயக்கமும் பின்னே உடையது. அதன் பின்னச்சின்மேல் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 480 கிலோகிராம் உளது.

வண்டி நிற்கும்போதுள்ள நிறைப் பங்கீடு இது. வண்டி முன்னோக்கி உந்தப்படும்போது நிறையின் ஒரு பகுதி முன்னச்சை விட்டுப் பின்னச்சின்மேற் சாரும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நிற்பவர் பின்னே சாய்வதை ஒத்தது இது. சாரும் அளவு, உந்துவிசையை மையத்தின் உயரத்தாற் பெருக்கி அச்சுக்களின் இடைத்தூரத்தால் வகுக்க வருவதாகும். எமது வண்டிகளில் அது உந்துவிசையின் ஐந்தில் ஒரு பங்கு. எனவே உந்துந்தோறும் முன்சில்லு இயக்க வண்டி தன் பிடியை இழக்கின்றது. பின்சில்லு இயக்க வண்டி தன் பிடியைப் பெருக்குகின்றது.

முதலிற் பனி வீதியைக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.2 எனின், முதலாம் வண்டி பெறக்கூடிய உச்ச உந்துவிசை, 496இலிருந்து அவ்விசையின் ஐந்திலொன்றைக் கழித்து 0.2ஆற் பெருக்குவதற்குச் சமன். கணித்தால் ஏறத்தாழ 95 கிலோகிராம் நிறை வரும். இரண்டாம் வண்டிக்குக் கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் வேண்டும். விடை ஏறத்தாழ 78. மூன்றாம் வண்டிக்கு 100. பத்துக்கு ஒன்றான ஏற்றமொன்று எதிர்ப்படின் அதனை ஏறுதற்கு ஏறக்குறைய 80 கிலோகிராம் நிறைக்குச் சமனான விசை வேண்டும். முதலாம் வண்டியும் மூன்றாம் வண்டியும் ஏறிவிடும். இரண்டாம் வண்டி சில்லுச் சுழல நின்றுவிடும். அதன் எஞ்சின் எத்துணை வலியதாயினும் பயனில்லை.

இனி உலர்ந்த தார் வீதி. உராய்வுக் குணகம் 0.8 எனின், முதலாம் வண்டிக்கு 342, இரண்டாம் வண்டிக்கு 358, மூன்றாம் வண்டிக்கு 457 வரும். பனியிலே தோற்ற இரண்டாம் வண்டி தாரிலே முதலாம் வண்டியை வென்றுவிட்டது! வண்டிகள் மாறவில்லை, பாதையே மாறிற்று. இவ்விரண்டும் சமனாகும் உராய்வுக் குணகம் யாது என மாணவர் தாமே கண்டுபிடிக்கலாம், 0.69 அளவில் விடை வருமாயின் கணக்குச் சரியென்க.

ஆயினும் தாரிலே அந்த 358 கிலோகிராம் உந்துவிசையைப் பயன்படுத்த வேண்டின், அதனை வழங்கவல்ல எஞ்சின் இருத்தல் வேண்டும். எஞ்சின் சிறிதாயின் எந்த வண்டியும் தன் பிடியின் எல்லையைத் தொடமாட்டாது. அங்கே பின்சில்லின் மேன்மை வெளிப்பட வாய்ப்பில்லை. இடமும் காலமும் பாதையின் உராய்வைத் தீர்மானிக்கின்றன. வலி அவ்வுராய்வு முழுவதும் பயன்படுமோ என்பதைத் தீர்மானிக்கின்றது. மூன்றையுஞ் சேர்த்தே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

வளைவிலே நிகழ்வது

நேர்ப்பாதையில் மட்டுமே ராலி நடப்பதில்லை. ஒரு ரயர் தரக்கூடிய மொத்தப் பிடி ஓர் எல்லைக்கு உட்பட்டது. மாதச் சம்பளத்தைப் போன்றது அது: ஒரு செலவுக்கு மிகுதியாக எடுத்தால் மற்றதற்குக் குறையும். முன்சில்லு இயக்க வண்டியில் முன் ரயர்கள் உந்துதற்கும் திருப்புதற்கும் அச்சம்பளத்தையே பங்கிடல் வேண்டும். வளைவிலே மிகுதியாக உந்தினால் திருப்புதற்குப் பிடி போதாது. வண்டியின் முகம் வளைவின் வெளிப்புறம் நோக்கி விலகும். பின்சில்லு இயக்க வண்டியிலோ மிகுதியாக உந்தினால் பின்புறம் வெளியே வீசும். முன்னது அச்சம் தராதது, ஆனால் பிடிவாதமானது. பின்னது ஏவலுக்கு இணங்குவது, ஆனால் சினம் மிக்கது.

திறன்மிக்க சாரதிகள் இக்குறைகளையே கருவிகளாக்கினர். பின்சில்லு வண்டியைச் செலுத்துவோர் பின்புறத்தை வேண்டுமென்றே வீசவிட்டு, திருப்புசில்லை எதிர்த்திசையிற் பிடித்து, எரிபொருள் மிதியாலேயே வண்டியைத் திருப்பினர். முன்சில்லு வண்டியில் அவ்வாறு செய்தல் இயலாது. அதற்கு வடநாட்டுச் சாரதிகள் வேறொரு வழி கண்டனர். வலக்காலால் எரிபொருள் மிதியை அழுத்தியவாறே இடக்காலாற் பிறேக்கையும் அழுத்துவர். முன்சில்லுகளை எஞ்சின் சுழற்றிக்கொண்டிருப்பதால் அவை இறுகமாட்டா. எஞ்சினின் துணையற்ற பின்சில்லுகள் தளர்ந்து வழுக்கும். அப்பொழுது வண்டியின் பின்புறம் சுழன்று, முகம் வளைவின் உட்புறம் நோக்கும். சுவீடன் தேசத்து எரிக் கார்ல்சனும், பின்லாந்தின் ரௌனோ ஆல்டொனென், டிமோ மாக்கினென் ஆகியோரும் இவ்வித்தையிற் புகழ்பெற்றோர்.

முன்சில்லின் பொற்காலம்

கார்ல்சன் செலுத்திய சாப் 96 வண்டியில் இருந்தது மூன்று உருளைகளையுடைய 841 கன சென்ரிமீற்றர் எஞ்சின்; அதுவும் ஈரடிப்பு எஞ்சின். அவ்வண்டியைக் கொண்டு அவர் 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானிய ஆர்.ஏ.சி. ராலியை வென்றார். 1962இலும் 1963இலும் மொன்டே கார்லோவையும் வென்றார். 1964இல் பாடி ஹொப்கர்க் என்பார் மினி கூப்பர் எஸ் வண்டியில் மொன்டே கார்லோவை வென்றார். எஞ்சின் 1071 கன சென்ரிமீற்றர். வலு நூறு பரிவலுவுக்கும் குறைவு. இரண்டாவதாக வந்த போட் பல்கன், நான்கு லீற்றருக்கு மேற்பட்ட எட்டு உருளை எஞ்சினையுடைய பின்சில்லு வண்டி.

இவ்விடத்து நடுவுநிலைமை தவறலாகாது. அக்காலத்து விதிகள் சிறிய எஞ்சின்களுக்குச் சலுகை வழங்கின. ஆதலின் 1964ஆம் ஆண்டு வெற்றியை மட்டும் காட்டி முன்சில்லே மேலானது என்று தீர்ப்பளித்தல் தகாது. 1965ஆம் ஆண்டுச் சான்று இதனினும் உறுதியானது. அவ்வாண்டு கடும் பனிப்புயல் வீசிற்று. இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டும் நாற்பதுக்குக் குறைவானவையே மொன்டே கார்லோவை அடைந்தன. மாக்கினென் மினியில் முதலிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்றவர் பற் மொஸ் கார்ல்சன் என்னும் பெண்மணி. எரிக் கார்ல்சனின் மனைவியாகிய அவர் செலுத்தியதும் சாப் வண்டியே. இரண்டாமிடத்தைப் பெற்றதோ போர்ஷே 904. எஞ்சினின் நிறை பின்சில்லுகளுக்கு அண்மையிலமைந்த வண்டி அது. எமது கணக்கிலே பனியில் ஏறிய முதலாம் வண்டியையும் மூன்றாம் வண்டியையும் இங்கு மாணவர் நினைவு கூர்வாராக.

1966இல் மினி வண்டிகள் முதல் மூன்றிடங்களையும் பெற்றும், முகப்பு விளக்குகள் விதிக்கு அமையவில்லை என நீக்கப்பட்டன. வெற்றி சித்ரோன் வண்டிக்கு வழங்கப்பட்டது. அதுவும் முன்சில்லு இயக்க வண்டியே. 1967இல் ஆல்டொனென் மீண்டும் மினியில் வென்றார். ஆக, 1962 முதல் 1967 வரை ஆறாண்டுகளும் மொன்டே கார்லோ முன்சில்லின் வசமாயிற்று.

வலி பெருகியபோது

அதன்பின் வழக்கின் போக்கு மாறியது. 1968, 1969, 1970 ஆகிய மூன்றாண்டுகளிலும் போர்ஷே 911 வென்றது. எஞ்சினைப் பின்னச்சுக்கும் பின்னே தாங்கிய வண்டி அது. 1971இலும் 1973இலும் பிரான்சு நாட்டு அல்பைன் வென்றது. அதன் எஞ்சினும் பின்னேயே உளது. இடையே 1972இல் சான்ட்ரோ முனாரி, லன்சியா புல்வியா என்னும் முன்சில்லு வண்டியிற் பெற்ற வெற்றியே மொன்டே கார்லோவில் முன்சில்லு பெற்ற இறுதி முழு வெற்றியாயிற்று. அதே முனாரி 1975 முதல் 1977 வரை மூன்று முறை வென்றபோது, அவர் செலுத்திய லன்சியா ஸ்ட்ராட்டோஸ் எஞ்சின் நடுவிலமைந்த பின்சில்லு வண்டியாயிருந்தது. முன்சில்லிற் பெருமை கண்ட ஒரு தொழிற்சாலையே பின்சில்லுக்கு மாறியமை வழக்கின் திருப்புமுனை எனலாம்.

காரணம் யாது? பனி குன்றிவிட்டதா? இல்லை. எஞ்சின்களின் வலு பெருகியது, ரயர்கள் சீர்பெற்றன. பனிக்கென ஆணி பதித்த ரயர்கள் உராய்வை உயர்த்தின. உராய்வு உயர, நிறை பின்னே சாரும் பயன் மிகுந்தது. வலு பெருக, முன் ரயர்களின் இருமடிச் சுமை தாங்கொணாததாயிற்று. போட் எஸ்கோட் என்னும் எளிய அமைப்புடைய வண்டி, எஞ்சின் முன்னும் இயக்கம் பின்னுமாக, 1972 முதல் 1979 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து ஆர்.ஏ.சி. ராலியை வென்றது. அதன் வலு முடிவில் 200 பரிவலுவுக்கு மேலாயிற்று.

இடத்தின் சிறப்பையும் மறத்தலாகாது. 1953இல் தொடங்கிய கிழக்காபிரிக்க சபாரி ராலியில், புழுதியும் சேறும் பாறையுமே பாதை. அங்கே 1960 முதல் 1982 வரை முதலிடம் பெற்றவை யாவும் பின்சில்லு வண்டிகளேயாம். நெடுந்தொலைவுக்கு வேண்டிய எரிபொருள், மேலதிக ரயர், உதிரிப் பாகம் யாவும் பின்னே ஏற்றப்படுதலின், அச்சுமையே பின்சில்லுகளுக்குப் பிடியைக் கொடுத்தது. எரிக் கார்ல்சன் தம் சாப் வண்டியில் 1964இல் இரண்டாமிடம் பெற்றமை அவர் திறனுக்குச் சான்று. அவ்வரிய பந்தயத்தை இந்திய வழிவந்த ஜோகிந்தர் சிங் மூன்று முறையும் சேகர் மேத்தா ஐந்து முறையும் வென்றமை ஆசிய மக்கள் மகிழ்தற்குரியது.

சுவீடன் நாட்டின் உறைந்த காட்டுப் பாதைகளிலோ முன்சில்லு எளிதில் தளரவில்லை. 1977இலும் 1979இலும் ஸ்டிக் புளொம்குவிஸ்ட் சாப் 99 வண்டியில் அந்நாட்டு ராலியை வென்றார். ஒரே 1979ஆம் ஆண்டிலே, பனி நிலத்தில் முன்சில்லும் ஆபிரிக்காவில் பின்சில்லும் வென்றன. இவ்விரண்டையும் கண்டவன் ‘எது சிறந்தது?’ என்று வெறுமனே கேட்கமாட்டான்.

நான்கு சில்லும் இயங்கியபோது

1981இல் ஔடி குவாட்ரோ உலக ராலிகளில் இறங்கிற்று. அதன் நான்கு சில்லுகளும் இயங்கு சில்லுகள். வண்டியின் முழு நிறையும் இயங்கு சில்லுகளின்மேல் இருத்தலின், எமது கணக்கிலே பனியில் உச்ச உந்துவிசை 160 கிலோகிராம் நிறையாக உயரும். அவ்வாண்டே ஹன்னு மிக்கோலா சுவீடனில் வென்றார். மிஷேல் மூட்டோன் இத்தாலியின் சன்ரெமோவில் வென்று, உலகத் தொடரில் ராலியொன்றை வென்ற முதற் பெண்மணியானார். ஆயினும் பின்சில்லு உடனே பணிந்துவிடவில்லை. 1982இல் சாரதிகளுக்கான உலகப் பட்டத்தை வால்டர் ரோல் பெற்றது, ஒப்பல் அஸ்கோனா என்னும் பின்சில்லு வண்டியிலாம். 1983இல் லன்சியா 037 என்னும் பின்சில்லு வண்டி இரண்டே புள்ளி வேறுபாட்டில் தயாரிப்பாளர் பட்டத்தைப் பெற்றது. இலேசான உடலும் தார் வீதியில் விரைவும் அதற்குத் துணைநின்றன. பின்சில்லு வண்டி அப்பட்டத்தைப் பெற்றது அதுவே இறுதி.

வழக்கு முடிந்தது என்றிருக்க, 1999இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. பிலிப் புகால்ஸ்கி, சித்ரோன் சாரா என்னும் முன்சில்லு வண்டியில், கற்றலோனியாவிலும் கோர்சிக்காவிலும் நடந்த உலக ராலிகளில் நான்கு சில்லு இயக்க வண்டிகளை முறியடித்தார். இரண்டும் தார் வீதிப் பந்தயங்கள். பனியிலே வெல்லும் முன்சில்லு தாரிலே வென்றது எங்ஙனம்? விதிகள் அவ்வகுப்பு வண்டிக்கு இருநூறு கிலோகிராமுக்கு மேல் நிறையைக் குறைத்துக்கொள்ள இடமளித்தன. இலேசான வண்டி வளைவிலும் பிறேக்கிலும் ஈட்டிய நேரம், உந்துதலில் இழந்த நேரத்தினும் மிகுந்தது. எமது கணக்கு பொய்க்கவில்லை. மூன்று வண்டிகளின் நிறையும் சமன் என்று நாம் முதலிற் கொண்ட நிபந்தனையே மாறிவிட்டது. நிபந்தனையை மறந்து விடையை மட்டும் மனனஞ் செய்தவன் இங்கே திகைப்பான். நிபந்தனையை நினைவிற் கொண்டவன் புன்முறுவல் பூப்பான்.

இன்று உலக ராலியின் உயர் வகுப்பில் நான்கு சில்லு இயக்கமே ஆட்சி செய்கின்றது. இளஞ் சாரதிகள் பயிலும் கீழ் வகுப்புக்களிற் பெரும்பாலும் முன்சில்லு வண்டிகள் ஓடுகின்றன. பழைய வண்டிகளுக்கென நடாத்தப்படும் ராலிகளிலோ எஸ்கோட் வண்டி பின்புறத்தை வீசிச் செல்வதைக் காணத் திரளும் மக்கள் பலர்.

எம் வீதிக்கு வருவோம்

இவ்வாராய்ச்சி பனி காணாத எமக்கு எற்றுக்கு எனில், அதன் பயன் உயிரோடு தொடர்புடையது. எமது தந்தையர் செலுத்திய வண்டிகள் பின்சில்லு இயக்கமுடையன. இன்று இளைஞர் செலுத்தும் சிறிய கார்களுட் பெரும்பாலானவை முன்சில்லு இயக்கமுடையன. தந்தையிடம் வண்டி பயின்ற மகன் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் வேண்டும். நெடுநாள் வெயிலின் பின் பெய்யும் முதல் மழையிலே வீதியின் எண்ணெயும் புழுதியும் குழைந்து உராய்வு மிகக் குன்றும். அவ்வேளை வளைவொன்றில் முன்சில்லு வண்டியின் முகம் வெளியே விலகுமாயின், எரிபொருள் மிதியை மேலும் அழுத்துவதும் திருப்புசில்லை மேலும் ஒடிப்பதும் தீங்கை மிகுவிக்கும். மிதியை மெல்லத் தளர்த்தி முன் ரயர்களுக்குப் பிடியைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பின்சில்லு வண்டியின் பின்புறம் வீசுமாயின், மிதியை மெல்லத் தளர்த்துவதோடு, பின்புறம் வீசும் திசையிலேயே திருப்புசில்லைத் திருப்பல் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றே: வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்துக்கொள்க. ராலிச் சாரதிகளின் இடக்கால் வித்தை மூடப்பட்ட பாதைக்கு உரியது. பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் நடக்கும் பொதுவீதிக்கு அன்று.

மாணவர்க்கு யாம் கூற விழைவது இதனினும் சற்று அகன்றது. ‘எது சிறந்தது?’ என்ற வினா உங்கள் வாழ்விற் பலவாறு எழும். எத்துறை சிறந்தது, எத்தொழில் சிறந்தது, எந்நாடு சிறந்தது என உங்களை வினவுவோர் பலர். வெற்றி பெற்ற ஒருவரைச் சுட்டிக்காட்டி விடை தருவோரும் பலர். 1964ஆம் ஆண்டு மினியை மட்டும் கண்டவர் ஒரு விடை கூறினர். 1979ஆம் ஆண்டு எஸ்கோட்டை மட்டும் கண்டவர் வேறொரு விடை கூறினர். இருவர் கண்டதும் உண்மையே; இருவர் தீர்ப்பும் குறையுடையதே. உங்கள் நிறை எங்கே உளது, உங்கள் பாதை எத்தகையது, உங்கள் வலி எவ்வளவு என்பவற்றை அறிந்தபின் அவ்வினாவுக்கு விடை காணுங்கள். பௌதிக ஏட்டிலே கற்ற உராய்வும் நிறையும் அப்பொழுது பரீட்சையைக் கடந்தும் துணைசெய்யும். எம் கல்லூரியின் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் எந்திரவியலாளரும் சாரதிகளும் வண்டி திருத்துவோரும் உளர். தாம் தொழிலாற் கண்டவற்றை அவர்கள் இனிய தமிழில் எழுதி இளையோர்க்கு வழங்குவராயின், அதுவே கல்லூரிக்கு அவர்கள் செய்யும் சிறந்த தொண்டாகும்.